பேசாமல் செருகிய தட்டு

பிப்ரவரி 3

வாலு,

எழுதுகிற கை கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுடையது. சொல்கிற வாய் என்னுடையது. போன் பண்ணியிருக்கலாம். ஆனால் நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தையும் பாதியில் கீழே வைக்கலாம்தான். மிச்சம் அங்கேயே கிடக்கும், கோபம் ஆறினதும் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தம்மா தினமும் காலையில் மெஷினில் உட்கார்வதற்கு முன்னால் எனக்குப் பேப்பர் படித்துக் காட்டுவார். நேற்று ஏழாம் பக்கத்தில் உன் படம். மூக்கு அப்படியே என் தங்கை மூக்கு. ஏதோ ஒரு குட்டி விண்மீன் மண்டலமாம். அது முழுக்கச் சேர்ந்தாலும் ஒரு பெரிய நட்சத்திரத்தின் வெளிச்சம்கூடத் தேறாதாம். அதில் பதினாலு நட்சத்திரத்தின் வேகத்தை நீ அளந்திருக்கிறாயாம். அதெல்லாம் ஓடுகிற ஓட்டத்துக்குச் சிதறிப் போயிருக்க வேண்டுமாம். கண்ணுக்குத் தெரியாத ஏதோ பெரிய எடை பிடித்து வைத்திருப்பதாக நீ சொல்கிறாயாம். எல்லாம் கேட்டு எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதற்கடுத்த வரியில்தான் ‘நிறுத்துங்க’ என்றேன். ஆறு வருடத்துக்கு முன் ஏப்ரல் ஒன்பதாம் தேதி எடுத்த பதிவு என்று போட்டிருக்கிறார்கள்.

இந்தம்மாவை அந்தத் தேதியை மட்டும் மூன்று தடவை படிக்கச் சொன்னேன். ஒன்பதுதான்.

அந்தத் தட்டுக்கு எழுதின பதிவேடு தப்பு. நம்பாதே. வருகிற மார்ச் பதினெட்டாம் தேதி மாநாட்டில் இதைப் பற்றிப் பேசப் போகிறாய் என்றும் இருந்தது. பேசுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேள்.

உன் மாமா

*

பிப்ரவரி 10

மாமாவுக்கு,

ஆறு வருடம் கழித்து ஒரு கடிதம். அதில் ‘எப்படி இருக்கிறாய்’ என்று ஒரு வார்த்தைகூட இல்லை. நேராக, ‘உன் வேலை தப்பு.’

அந்தப் பதிவேட்டை எழுதியது அப்பா. முப்பத்தொரு வருடம் வானாய்வகத்தில் அவர் எழுதியதில் ஒரு இலக்கம் பிசகியதாக யாரும் சொன்னதில்லை. அந்த முப்பத்தொரு வருடமும் நீங்கள் இழையைச் செருகினீர்கள், அவர் எழுதினார். உங்களுக்கு எண்கூட வாசிக்கத் தெரியாது என்பது மேலதிகாரிகள் ஒருவர் காதுக்கும் போகாமல் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். இன்று அவர் எழுதியது தப்பு என்கிறீர்கள். என்ன தப்பு, எந்தத் துளை, எந்த இழை என்று ஒரு வரி இல்லை.

எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. அப்பா மேல் இருக்கிற கோபத்தை என் நட்சத்திரங்கள் மேல் கொட்டுகிறீர்கள். அம்மா போன பிறகு அவர் சித்தியைக் கல்யாணம் செய்தபோது பத்திரிகையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினீர்கள். வீட்டு வாசலில் நின்று நீங்கள் பேசியதை நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதன் பிறகுதான் இனி வர வேண்டாம் என்று எழுதினேன். இன்றைக்கும் அதையேதான் எழுதுவேன்.

பதினெட்டாம் தேதிக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது. இந்த முடிவை வைத்துத்தான் பெரிய தொலைநோக்கியில் ஆறு இரவுகள் கொடுத்திருக்கிறார்கள். தயவுசெய்து என்னை என் வேலையைப் பார்க்க விடுங்கள்.

உங்கள் தங்கை மகள்

*

பிப்ரவரி 15

வாலு,

எந்தத் துளை, எந்த இழை என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். அதற்கு முன்னால், எழுதுகிற இந்தம்மா ‘என்ன தட்டு, சாப்பாட்டுத் தட்டா?’ என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கு விளக்கினால்தான் கடிதம் நகரும். உனக்குத் தெரிந்ததுதான், தாண்டிப் படி.

வட்டமான அலுமினியத் தட்டு, கைவிரிப்பு அகலம். வானத்தில் எந்தெந்த இடத்தில் நட்சத்திரமோ அந்தந்த இடத்தில் தட்டில் துளை. அறுபது துளை. ஒவ்வொரு துளையிலும் மயிர் மாதிரி ஒரு கண்ணாடி இழையைச் செருக வேண்டும். ராத்திரி அந்தத் தட்டைத் தொலைநோக்கியில் மாட்டினால் ஒரு துளையில் ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம் இறங்கி, இழை வழியாகக் கருவிக்குப் போகும். பகலில் செருகி வைப்பது என் வேலை. எந்த இழை எந்தத் துளைக்கு எட்டுகிறதோ அதைச் செருகலாம், கட்டாயம் இல்லை. ஆனால் எது எதில் போனது என்று எழுதியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வெளிச்சம் வரும், யாருடையது என்று தெரியாது. அந்த எழுத்துதான் உன் அப்பா வேலை.

ஆறு கொத்து இழை. கொத்துக்குப் பத்து, எத்தனையாவது என்று விரலால் எண்ணிக்கொள்வேன். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று நாடா சுற்றியிருக்கும். தட்டு நட்டுக்குத்தலாக நிற்கும். நான் அந்தப் பக்கம், அவன் இந்தப் பக்கம் படத்தை வைத்துக்கொண்டு. நான் தலையை வெளியே நீட்டி ‘பச்சை மூணு’ என்பேன், எழுதிக்கொள்வான். கடைசி இரண்டு மூன்று வருடம் நீட்டாமல் சொன்னால் சத்தம் போடுவான். ‘ஏன்டா, என் கழுத்து என்ன ஒட்டகமா? இங்கிருந்தே சொன்னா ஆகாதா?’ என்று கேட்டால், ‘உன் மூஞ்சியைப் பாக்காட்டி எனக்கு வேலை ஓடாது மச்சான்’ என்று சிரிப்பான்.

அந்த ஏப்ரல் ஒன்பது காலையில் சிரிப்பு இல்லை. வேலை அறைக்குள் நுழைந்ததுமே நான் ஆரம்பித்துவிட்டேன்.

“வியாழக்கிழமை வியாழக்கிழமை எங்கடா போறே?”

“வேலையா போறேன்.”

“ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஒருத்தி வந்து கையாட்டிட்டுப் போறா. அதுவா வேலை?”

பென்சில் சீவிக்கொண்டிருந்தான்.

“என் தங்கச்சி செருப்பு இன்னும் உன் வீட்டு வாசல்லதான் கெடக்கு. அதை எடுத்து வைக்கிறதுக்குள்ள இன்னொரு ஜோடியா?”

“சொல்லி முடிச்சியா?”

“முடிச்சேன்.”

“அப்ப வேலையைப் பாரு.”

அவ்வளவுதான். அதற்கப்புறம் தட்டுக்குப் பின்னாலிருந்து நான் தலையை நீட்டவே இல்லை. அவனோடு பேசக் கூடாது, ஆனால் தட்டு அன்றைக்கே முடிய வேண்டும், அதுவும் நீ கேட்ட தட்டு. திருப்புளிக் கைப்பிடியால் தட்டைத் தாங்கும் கம்பியில் தட்டினேன். முதலில் எத்தனையாவது கொத்தோ அத்தனை தட்டு, ஒரு மூச்சு விட்டு, எத்தனையாவது இழையோ அத்தனை தட்டு. அறுபது துளையும் அப்படியே. அவனும் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. முடித்துவிட்டு வெளியே வந்தால், அவன் பென்சிலால் எழுதினதை அழித்து அழித்து எழுதுகிறான். முப்பத்தொரு வருடத்தில் அவன் ரப்பர் எடுத்து நான் பார்த்ததில்லை. பார்த்தும் கேட்காமல் படியிறங்கி வந்துவிட்டேன்.

இதுதான் எனக்குத் தெரிந்தது. இதை வைத்துக்கொண்டு ஆறு வருடம் நான் ஏன் சும்மா இருந்தேன் என்று கேட்பாய். அந்தத் தட்டு எதற்குப் பயன்பட்டது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை.

ஒரு இழை இடம் மாறினால் உனக்கு என்ன போகும்? அதைச் சொல். எனக்குத் தூக்கம் வரவில்லை.

உன் மாமா

(இதில் இரண்டு இடத்தில் ஐயா சொன்ன வார்த்தையை நான் எழுதவில்லை. உங்கள் அப்பாவைப் பற்றியது. கோபத்தில் சொன்னது. — தையல்காரி)

*

பிப்ரவரி 21

மாமா,

இப்போதும் உங்களை நம்பி எழுதவில்லை. ஒரு விஷயம் உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன்.

என்ன போகும் என்று கேட்டீர்கள். நட்சத்திரத்தின் வெளிச்சத்தை நிறம் நிறமாக விரித்தால் நடுவில் கறுப்புக் கோடுகள் விழும். இரும்புக்குச் சில கோடுகள், சுண்ணாம்பில் இருக்கிற கால்சியத்துக்கு மூன்று. கோடுகள் தம் இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்பதை வைத்து வேகம் தெரியும். எவ்வளவு அழுத்தமாக இருக்கின்றன என்பதை வைத்து அதில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று தெரியும். ஒரே மண்டலத்து நட்சத்திரங்கள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகும். அந்த ‘ஏறக்குறைய’ எவ்வளவு என்பதில்தான் மொத்த எடையும் இருக்கிறது. எனக்கு அது நொடிக்கு எட்டு கிலோமீட்டர் வந்தது. இத்தனை சின்ன மண்டலத்துக்கு அது மிக அதிகம். அதுதான் செய்தி. ஆனால் என்னிடம் இருப்பதே பதினாலு நட்சத்திரம். மண்டலத்துக்குச் சம்பந்தமே இல்லாத, வழியில் நிற்கிற நட்சத்திரங்கள் இரண்டு மூன்று அதில் கலந்துவிட்டால்கூட அந்த எட்டு வந்துவிடும்.

உறுத்துகிற விஷயம் இது. தட்டில் சில துளைகள் வெறும் வானத்தைப் பார்க்கும், நட்சத்திரம் இருக்காது. அப்படி ஒரு துளையில் லேசாக நட்சத்திர வெளிச்சம் வந்தது. ஏதோ மங்கலான ஒன்று தற்செயலாக விழுந்திருக்கிறது என்று ஒதுக்கிவிட்டேன். நட்சத்திரம் இருக்க வேண்டிய ஒரு துளையில் ஒன்றுமே வரவில்லை. இன்னும் ஆறு துளையில் கணக்குக்குக் கூடவோ குறையவோ வெளிச்சம். எதுவும் பெரிய வித்தியாசம் இல்லை. கட்டுரையின் அடிக்குறிப்பில் ஒரு வரி போட்டேன்: ‘சில இழைகள் சரியாகச் செருகப்படவில்லை.’

உங்களுக்கு அந்தத் தட்டு ஞாபகம் இருப்பதாகச் சொல்கிறீர்கள். சரி. அறுபதையும் வரிசையாகச் சொல்லுங்கள். நான் எதையும் எடுத்துக் கொடுக்க மாட்டேன். படத்தில் எந்தத் துளை பிரகாசமான நட்சத்திரம், எது மங்கல் என்று உங்களுக்குத் தெரியாது. ஞாபகம் உண்மையானால் வெளிச்சம் பொருந்தும். இட்டுக் கட்டினால் பொருந்தாது.

அப்பாவிடம் கேட்டேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், ‘மச்சான் தப்பாத் தட்டியிருப்பான்’ என்றார். தட்டினீர்கள் என்பதையாவது ஒத்துக்கொள்கிறார்.

*

பிப்ரவரி 26

வாலு,

‘சரியாகச் செருகப்படவில்லை’யா? அச்சில் போட்டுவிட்டாயா? நான் செருகிய இழை உட்காராமல் நின்றதா? முப்பத்தொரு வருடத்தில் ஒரு இழை, ஒரே ஒரு இழை, என் கையிலிருந்து நழுவியிருந்தால் கொண்டு வந்து காட்டு. இந்தம்மா சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவர் தைத்த சட்டையில் பொத்தான் விழுந்து அவரைக் குற்றம் சொன்னால் தெரியும்.

பட்டியல் தனித் தாளில் இருக்கிறது. இந்தம்மா அளவெடுக்கிற நோட்டில் எழுதினார், கழுத்து, தோள், இடுப்பு என்று அச்சடித்த கட்டங்களுக்கு மேலேயே. நான் எப்போதும் போகிற வழி உனக்குத் தெரியும்: விளிம்பில் மேல் நடுவில் ஆரம்பித்து வலப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி உள்ளே வருவேன். முதல் துளை சிவப்பு நாலு. அடுத்தது சிவப்பு ஒன்று, ஏனென்றால் இரண்டின் நாடா பிரிந்திருந்தது, அதை அப்புறம் ஒட்டலாம் என்று தள்ளி வைத்தேன். மூன்றாவது சிவப்பு எட்டு. அப்போது உன் அப்பா தும்மினான். ‘நூறு வயசு’ என்று சொல்ல வாய் வரை வந்து, பல்லைக் கடித்துக்கொண்டேன். பதினேழாவது துளையில் விளிம்பு பிசிறாக இருந்தது, அரத்தால் இரண்டு தேய்ப்பு தேய்த்துவிட்டுப் பச்சை ஒன்பதை விட்டேன். பதினெட்டு, பச்சை பத்து.

எப்படி ஞாபகம் என்று இந்தம்மா கேட்கிறார். எழுதத் தெரிந்தவன் எழுதிவிட்டு மறந்துவிடலாம். எனக்கு அந்த வசதி இல்லை. அதுவும் அன்றைக்குச் செய்த வேலை கோபத்தில் செய்தது. ஒவ்வொரு துளையிலும் அவனை ஒரு வார்த்தை மனதுக்குள் திட்டிக்கொண்டே செருகினேன். எந்தத் துளைக்கு எந்த வசவு என்றுகூடச் சொல்வேன், இந்தம்மா எழுத மாட்டேன் என்கிறார்.

தப்பாகத் தட்டியிருப்பேனாமா? அவனைக் கேள். கண்ணைப் பார்த்துக் கேள்.

உன் மாமா

*

மார்ச் 5

மாமா,

நாலு நாளாக வேறு எதையும் செய்யவில்லை. அலுவலகத்தில் என் நாற்காலியில் இருக்க முடியவில்லை, எழுந்து நடக்கிறேன், திரும்ப வந்து அதே எண்களைப் பார்க்கிறேன்.

பொருந்துகிறது. அறுபதும். பதிவேட்டின்படி ஐம்பத்திரண்டுதான் பொருந்தியது. மாறியிருப்பது நாலு ஜோடி: சிவப்பு ஏழும் எட்டும், பச்சை ஒன்பதும் பத்தும், நீலம் எட்டும் ஒன்பதும், கறுப்பு ஒன்பதும் பத்தும். எல்லாமே பெரிய எண்கள், பக்கத்துப் பக்கத்து எண்கள். ஐந்துக்குக் கீழே ஒன்றுகூடத் தப்பில்லை. அது எனக்குப் புரியவில்லை.

கணக்கை மறுபடி போட்டேன். என் பதினாலில் மூன்று வெளி ஆட்கள். அவற்றை எடுத்துவிட்டு உண்மையான மூன்றை உள்ளே வைத்தால், அந்த எட்டு கிலோமீட்டர் இரண்டுக்கும் கீழே போகிறது. என் கருவி அளக்கக் கூடிய எல்லையே அவ்வளவுதான். அதாவது எடை என்று எதையும் சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியாத பெரிய கரும்பொருள் கட்டி இல்லை. செய்தி இல்லை. ஏழாம் பக்கம் இல்லை.

இன்னொன்று. வெறும் வானம் என்று தூக்கிப் போட்டேனே, அந்தத் துளையின் வெளிச்சம், அது பச்சை ஒன்பது. உங்கள் பிசிறு விளிம்புத் துளையில் இருந்த நட்சத்திரம். அதே வேகம், இதே மண்டலம். பதினைந்தாவது ஆள். இரும்புக் கோட்டைத் தேடினேன், கிடைக்கவில்லை. இரைச்சல் அதிகம், அதனால் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மற்ற பதினாலில் உள்ளதைவிட மிக மிகக் குறைவு. இரும்பு உண்டாவதற்கு முன்னால் பிறந்ததாக இருக்கலாம். அதைத்தான் நான் குப்பையில் போட்டு வைத்திருந்தேன். நீங்கள் சரியாகச் செருகவில்லை என்றும் எழுதி வைத்தேன்.

பதினெட்டாம் தேதி மேடையில் ஏறி, பேப்பரில் வந்தது தப்பு என்று சொல்ல வேண்டும். ஆறு இரவையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்பார்கள். அதற்கு உங்களைச் சொல்ல வேண்டும், எழுத்து தெரியாதவர் நினைவிலிருந்து சொன்னார் என்று. உங்களுக்குச் சம்மதமா? சம்மதமில்லாவிட்டால் சொல்லுங்கள், வேறு வழி பார்க்கிறேன். வேறு வழி இல்லை.

அப்பாவிடம் பட்டியலைக் காட்டினேன். கடைசி வரி வரை படித்தார். எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

*

மார்ச் 9

வாலு,

சம்மதம். எல்லோருக்கும் தெரியட்டும். இனி என்னை வேலையை விட்டுத் தூக்கவா போகிறார்கள்?

உனக்குப் போனதை நினைத்தால் மனது பதைக்கிறது. பேப்பர் படித்ததும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று இந்தம்மாவிடமே கேட்டேன். ‘தப்பான அளவுல தைச்ச சட்டையைப் பிரிச்சுத்தான் ஆகணும் ஐயா, போட்டவங்களுக்கே மூச்சு முட்டுமே’ என்றார். அவர் தொழில் அவருக்கு.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டானா? சாத்திக்கொள்ளட்டும். தப்பு செய்தவன் செய்கிற வேலைதான். கண்ணை மூடிக்கொண்டு எழுதினானா அன்றைக்கு? மனசெல்லாம் வியாழக்கிழமையில் இருந்தால் கை எப்படி ஓடும்? நான் தலையை நீட்டவில்லை, சரி. தட்டினது கேட்கவில்லை என்றால் ‘இன்னொரு தடவை தட்டு’ என்று கேட்டால் குறைந்தா போவான்? அவன் ரோஷம் உன் வாழ்க்கையில் போய் விழுந்திருக்கிறது. அதைக் கேட்க உனக்கு வாய் இல்லையா? இன்றைக்கும் அவன் பக்கம்தானா?

அந்த வருடம் அதற்கப்புறம் பதினோரு தட்டு அப்படித்தான் பேசாமல் செருகினோம். பன்னிரண்டாவது தட்டு வந்த அன்றைக்கு நான் வேலையை விட்டேன். அந்தப் பதினொன்றும் யார் யார் கையில் இருக்கிறதோ, அவர்களுக்கும் சொல்.

*

மார்ச் 22

மாமா,

பதினெட்டாம் தேதி போய் வந்தேன். எனக்குக் கொடுத்த இருபது நிமிடத்தில் பன்னிரண்டு நிமிடத்திலேயே முடித்துவிட்டேன். கீழே இருந்து ஒருவர் கேட்டார்: “எழுதி வச்ச பதிவை விட்டுட்டு ஒருத்தர் ஞாபகத்தை நம்புறீங்களா?” நான் வெளிச்சப் பொருத்தத்தைத் திரையில் போட்டேன். அறுபது புள்ளியும் ஒரே கோட்டில் நின்றன. அவர் உட்கார்ந்துவிட்டார். ஆறு இரவில் ஐந்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பதினைந்தாவது நட்சத்திரத்துக்காக ஒன்றை விட்டு வைத்திருக்கிறார்கள். மற்ற பதினோரு தட்டை வைத்துக் கணக்குப் போட்டவர்களும் ஒவ்வொருவராக எனக்கு எழுதிக் கேட்கிறார்கள்.

அதைப் பிறகு எழுதுகிறேன். இப்போது எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. உங்களுக்கு இது வலிக்கும். யாராவது பக்கத்தில் இருக்கும்போது படிக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், பிறகுதான், எப்போதும் ஒருவர் பக்கத்தில் இருந்துதானே உங்களுக்குப் படிக்கிறார் என்று ஞாபகம் வந்தது.

ஊருக்கு வந்ததும் சித்தியிடம் கேட்டேன், பெரிய எண்கள் மட்டும் ஏன் தப்பாகும் என்று. “உங்கப்பா சொல்ல வேண்டாம்னு சத்தியம் வாங்கியிருக்கார்மா. ஆனா அந்தச் சத்தியத்தாலதானே உனக்கு இவ்வளவும்” என்று சொல்லிவிட்டு ஒரு மருத்துவ அட்டையைக் கொண்டு வந்தார்.

மாமா, சித்தி அந்த ஆஸ்பத்திரியில் என்ன வேலை பார்த்தார் என்று நீங்கள் ஒரு தடவையாவது கேட்டீர்களா? காது பரிசோதனை. காதில் கருவியை மாட்டி, ‘சத்தம் கேட்கும்போது கையைத் தூக்குங்க’ என்று சொல்கிற வேலை. அப்பாவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. வியாழக்கிழமைகளில் போனது அதற்கு. ஒன்று, இரண்டு, மூன்று என்று விட்டு விட்டு வரும் சத்தம் அவருக்கு எண்ண வரும். ஏழு, எட்டு என்று நீண்டால் ஒன்றோடொன்று கலந்துவிடும். ‘உன் மூஞ்சியைப் பாக்காட்டி வேலை ஓடாது’ என்றாரே, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உங்கள் உதட்டைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டிருந்தார். நீங்கள் தலையை நீட்டாமல் விட்டதும் அவரிடம் மிஞ்சியது பாதிச் சத்தம்தான். காது கேட்காதவர் என்று தெரிந்தால் வேலை போய்விடும். அவர் போனால் உங்களுக்கு எழுத ஆள் இருக்காது, நீங்களும் வெளியே. அதனால்தான் ‘இன்னொரு தடவை தட்டு’ என்று கேட்கவில்லை.

அட்டையில் முதல் தேதி அந்தத் தட்டுக்கு இரண்டு வருடம் முந்தியது. ‘உடன் வந்தவர்’ என்ற இடத்தில் அம்மாவின் கையெழுத்து.

அம்மாதான் கூட்டிப் போயிருக்கிறார். அம்மா போன பிறகும் அப்பா விடாமல் போயிருக்கிறார். கல்யாணப் பேச்சு அதற்கப்புறம் எப்போதோ வந்தது, ஏப்ரல் ஒன்பதில் நீங்கள் பேசின அன்றைக்கு அப்படி ஒன்றுமே இல்லை என்கிறார் சித்தி. ‘என் அண்ணன் வாயில எதுவும் நிக்காது, வேலை இடத்துல ஒளறிடுவார், அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க’ என்று அம்மா சொன்னாராம்.

வாசலில் நீங்கள் பேசியதை உள்ளே இருந்து கேட்ட எனக்கும் இது தெரியாது. உங்களை வர வேண்டாம் என்று எழுதியதற்கு நான் வருத்தப்படுகிறேனா என்று இன்னும் எனக்கே தெரியவில்லை. ஆனால் இப்போது எழுதினால் அப்படி எழுத மாட்டேன்.

*

மார்ச் 30

வாலு,

உன் கடிதத்தை இந்தம்மா படித்து முடித்ததும் ‘மறுபடி படிக்கவா?’ என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஒரு தடவை கேட்டதே போதும், அப்படியே உட்கார்ந்துவிட்டது. நாலு நாளாக வெளியே போகிறேன், தெருமுனை வரை போய்த் திரும்பி வருகிறேன். என்ன வாங்கப் போனேன் என்று தெரியவில்லை.

அவள் கையெழுத்து எப்படி இருக்கும் என்று நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்த்தாலும் தெரிந்திருக்காது. அந்த அட்டையை நான் வந்தால் காட்டுவாயா?

என் வாயில் எதுவும் நிற்காது என்று அவள் சொன்னது சரிதான். செருப்பைப் பற்றிச் சொன்னேனே, அதைச் சொல்லும்போது அவன் முகம் எப்படி இருந்தது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். நான் சொன்னது அத்தனையும் அவனுக்குக் கேட்டது. அப்போது நான் முகத்துக்கு நேரே நின்றுதான் பேசினேன்.

இனி வருகிறது உனக்கில்லை. போனில் பேசினால் அவனுக்குக் கேட்காது, எழுத எனக்கு வராது. அதனால் நான் சொல்ல, இந்தம்மா எழுத, நீ கொண்டு போய்க் கொடு. அவன் படிக்கட்டும்.

மச்சான், நான் பேசினது தப்பு. ஏன் பேசினேன் என்று சொல்ல எனக்கு ஒரு நியாயமும் இல்லை, தேடிப் பார்த்தேன். எனக்கு எழுத்து தெரியாதென்று நீ முப்பத்தொரு வருடம் மூடி வைத்தாய். உனக்குக் காது போனது இரண்டு முழத் தூரத்தில் நின்ற எனக்குத் தெரியவில்லை. நீ அழித்து அழித்து எழுதினதைப் பார்த்தேன். பார்த்தும் படியிறங்கிப் போனேன். அந்தக் குழந்தை மேடையில் நின்று அசிங்கப்பட்டதில் பாதி என்னுடையது. பாதிக்கும் மேலே. உன் வீட்டுக்காரம்மாவிடம் நான் பேசினதற்கு அவரிடமே நேரில் சொல்லிக்கொள்கிறேன், அதற்கு இந்தம்மா கையெழுத்து வேண்டாம்.

இப்போது வேலை. அந்தப் பதினோரு தட்டையும் வைத்து யார் யாரோ நட்சத்திரக் கணக்குப் போட்டிருக்கிறார்களாம், ஒவ்வொருவராக வாலுவுக்கு எழுதிக் கேட்கிறார்களாம். ஏப்ரல் ஒன்பது எனக்கு மனப்பாடம். அடுத்த நாளிலிருந்து கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிட்டது, ஞாபகமும் அதோடு இறங்கிவிட்டது. இரண்டாவது தட்டை நேற்று ஆரம்பத்திலிருந்து சொல்லிப் பார்த்தேன். முப்பத்தொன்பது துளை வந்தது. நாற்பதாவதில் வெள்ளையா கறுப்பா என்று நின்றுவிட்டேன். மூன்று தடவை மறுபடி சொல்லிப் பார்த்தேன், மூன்று தடவையும் அங்கேயே நிற்கிறது. அங்கே என்ன ஆனது என்றால், நீ ஏதோ செய்தாய். எழுந்து போனாயா, ஜன்னலைத் திறந்தாயா, தண்ணீர் குடித்தாயா, அது எனக்கு வரவில்லை. நான் தலையை நீட்டிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். பதிவேட்டை எடுத்து வை. நாற்பதாவது துளையில் நீ என்ன செய்தாய் என்று யோசித்து வை.